மடியில் கிடந்த புல்லாங்குழல்

என் மகள் புல்லாங்குழல் வாசிப்பதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் லண்டனிலும் ஸ்காபரோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் எங்கள் உறவினர் அத்தனை பேரும் அவள் புல்லாங்குழல் வாசிக்கிறாள் என்றே நம்பியிருந்தார்கள். அதற்கு அத்தாட்சியாக ஆறு நிமிடக் காணொளி ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அதில் தெரிந்த பெண் என் மகள் அல்ல. அவள் யாரென்று எனக்கு அன்று தெரியாது.

என் மகள் வாசிப்பது ட்ரொம்போன். நீளமாக மடித்த பித்தளைக் குழாய். ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் குழாயின் ஒரு பகுதியை இழுத்தும் தள்ளியும் சுரத்தை மாற்ற வேண்டும். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது எல்லாருக்கும் ஒவ்வொரு கருவி பிரித்துக் கொடுத்தார்கள். கை நீளமாக இருந்ததால் இவளுக்கு இது கிடைத்தது. இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு கட்டடப் பொறியியல் படிக்கிறாள். அங்கே காற்றுக் கருவிக் குழு ஒன்று இருக்கிறது. இசைத்துறையில் படிக்காதவர்களும் சேரலாம். சட்டம் படிப்பவர், பல் வைத்தியம் படிப்பவர், கணிதம் படிப்பவர் என்று அறுபது பேர் வரையில் புதன்கிழமை தோறும் ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் விட்டுவிட்டு வந்து மூன்று மணித்தியாலம் பயிற்சி செய்கிறார்கள். யாருக்கும் இதற்குப் பரீட்சைப் புள்ளி கிடையாது. மூன்று வருடத்தில் என் மகள் ஒரு புதன்கிழமைதான் போகவில்லை. அன்று அவளுக்கு நூற்றிரண்டு பாகை காய்ச்சல்.

இந்த வருடம் பனிக்காலம் முடியும் நேரத்துக் கச்சேரியில் அவளுக்குத் தனி வாசிப்பு கிடைத்தது. மூன்றாவது உருப்படியில், ஏறக்குறைய இரண்டரை நிமிடம், மற்ற எல்லாரும் அடங்கியிருக்க இவள் மட்டும் வாசிக்க வேண்டும். அதைச் சொன்ன நாளில் சாப்பாட்டு மேசையில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அப்பா, பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கூப்பிடுவம். ஆனா நான் என்ன வாசிக்கிறன் எண்டு நீங்கள் முதலே சொல்லிப் போடுங்கோ. ஹோலுக்கை வந்து முகத்தைச் சுழிக்க வேண்டாம்."

"சொல்லுறன்," என்றேன்.

"சத்தியமா?"

"சொல்லுறன் எண்டால் சொல்லுறன்."

பெரியப்பா என்று அவள் சொன்னது என் அண்ணையை. நான் மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது என்னைத் தன் வீட்டில் பதினொரு மாதம் வைத்திருந்தவர். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலைக்கு மேற்பார்வையாளர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாயால் ஊதும் வாத்தியம் என்றால் அவருக்கு ஒரு சொல் இருக்கிறது, ஒரு சிரிப்பு இருக்கிறது. "அது அவையின்டை வேலையெல்லோ" என்பார். எவர் என்று சொல்ல மாட்டார். சாதியின் பெயரை உச்சரிக்காமலே அதைச் சொல்லி முடிக்க எங்கள் ஊரில் போதுமான சொற்கள் இருக்கின்றன. மேளமும் நாதஸ்வரமும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு தாலியும் ஏறியதில்லை. ஊதியவரை உள்ளே இருத்திச் சாப்பாடு போட்டதும் இல்லை. என் கலியாணத்தில் அவர்களுக்கு வெளியில் பந்தலோரம் தனியாக இலை போட்டதை நான் மாலையும் கழுத்துமாக நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை அண்ணை விமானம் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார். இந்தக் குளிரில்கூட அது விறைத்துச் சாகவில்லை.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். கச்சேரி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு என்றேன். "ஓ, புல்லாங்குழல் கச்சேரியோ?" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் உடனே கார் விடும் இடம் பற்றிக் கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு மேலே ஏறும் வீதி, ஒருவழிப் பாதை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் என்று பதினேழு நிமிடம் கதைத்தோம். வைத்த பிறகு, வந்து கண்ணால் பார்க்கத்தானே போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு, "கூப்பிட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு கட்டு மஞ்சள் பூ வாங்கினேன். நானும் மனைவியும் சென்ட் லோரன்ட் வீட்டிலிருந்து ஒன்றரைக்கே புறப்பட்டு மெற்றோவில் போனோம். முன்னேரமே போனதால், மண்டபத்தின் வலப்பக்கம், பின்வரிசையின் இடது மூலை மறைக்காமல் தெரியும் இடமாகப் பார்த்து நான்கு இருக்கைகள் பிடித்தேன். ட்ரொம்போன்காரர் உட்காரும் இடம் அதுதான். இரண்டு இருக்கைகளில் எங்கள் கோட்டுகளைப் போட்டு வைத்தோம். மூன்றுக்குச் சரியாக விளக்கு மங்கியது. அந்த இரண்டு இருக்கைகளிலும் கோட்டுகள்தான் இருந்தன.

அண்ணை மூன்று முப்பத்தைந்துக்கு வந்தார். எங்கள் அரங்கேற்றங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் அழைப்பிதழில் நான்கு என்று போட்டால் ஐந்தேகாலுக்கு மங்கள விளக்கு ஏற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தார். இரண்டாவது உருப்படி முடியும்வரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அந்த எரிச்சலோடு உள்ளே வந்தார். அண்ணியின் கையில் பொரித்த இறைச்சி ரோல்ஸ் நிறைந்த பை. மண்டபம் முழுவதும் அந்த வாசம் எழும்பியது. இசைக்குழு நடத்துநர் அடுத்த உருப்படிக்குக் கையைத் தூக்கிவிட்டார்.

"எங்கை பிள்ளை?" அண்ணை கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார் என்று அவர் நினைத்திருப்பார்.

"பின்னாலை. இடப்பக்கம்."

"பின்னாலையோ? புல்லாங்குழல்காரர் முன்னாலையெல்லோ இருக்கினம்." அதற்குள் கைத்தொலைபேசியைத் தூக்கிவிட்டார். "ஆ, கண்டிட்டன், கண்டிட்டன். பின்னலைப் பார்த்த உடனை பிடிச்சிட்டன்."

முன்வரிசையில் புல்லாங்குழலோடு ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி மாநிறம், நீண்ட பின்னல். எல்லாருக்கும் கறுப்பு உடை. முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு இசைத்தாள் தாங்கிகள். என் மகள் இரண்டு கிழமைக்கு முன் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். அண்ணை அவளைக் கடைசியாகக் கண்டது பொங்கலுக்கு. ஆனாலும் சொந்தத் தம்பியின் மகள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கையில் வாங்கியவர்.

"அண்ணை, அது இல்லை..." என்றேன். முன்னால் இருந்த பெண் திரும்பி, "ஷ்ஷ்" என்றாள். அண்ணைக்கு அல்ல, எனக்கு. நான் வாயை மூடினேன். கச்சேரியில் பேசக்கூடாது என்ற ஒழுங்கை அந்த மண்டபத்தில் அன்று நான் ஒருவன்தான் இவ்வளவு கண்ணியமாகக் காப்பாற்றினேன்.

பிறகு அது வந்தது. தாளம் அடங்கியது, கிளரினெட்டுகள் அடங்கின, பின்னாலிருந்து ஒரு தனிச் சத்தம் எழும்பியது. வீட்டில் அந்தப் பகுதியை நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காமல் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் நின்று வாசிப்பாள். அடைக்காமல் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு அகலமான சத்தம் என்று எனக்குத் தெரியாது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணை என் மற்றக் காதுக்குள் குனிந்தார்.

"உந்தப் பின்னாலை இருந்து ஊதுறவன் ஆர்? பிள்ளையின்டை சத்தத்தை மூடிப் போடுறான்."

நான் அவருடைய கையில் இருந்த திரையைப் பார்த்தேன். நீண்ட பின்னல்காரி புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை தாளக் கணக்கை எண்ணியபடி சும்மா இருந்தாள். ஒருதரம் தாளைத் திருப்பினாள். ஒருதரம் மூக்கைத் தடவினாள். அண்ணை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

உருப்படி முடிந்தது. கைதட்டல் தொடங்கியது. நடத்துநர் பின்வரிசையை நோக்கிக் கையை நீட்டினார். அதன் அர்த்தம், வாசித்தவர் எழும்ப வேண்டும். சரியாக அந்த நேரம் அண்ணை எழும்பினார்.

"தம்பி, வாறம். காரை ஒரு மாதிரியான இடத்திலை விட்டிட்டு வந்தனான். சனம் வெளிக்கிட முதல் போனாத்தான். இந்தா, ரோல்ஸைப் பிடி, பிள்ளைக்குக் குடு."

மடியில் பூ, அதன்மேல் ரோல்ஸ் பை, என் கண்ணுக்கு நேரே அண்ணையின் கோட்டின் முதுகு. அதைத் தொடர்ந்து அண்ணியின் கோட்டு. நான் இடமாகச் சாய்ந்தேன், வலமாகச் சாய்ந்தேன். அவர்கள் வரிசையைக் கடந்து முடிந்தபோது என் மகள் திரும்ப உட்கார்ந்துகொண்டிருந்தாள். மூன்று வருடப் புதன்கிழமைகளுக்குப் பிறகு அவள் எழுந்து நின்ற அந்தச் சில நொடிகளை நான் காணவில்லை. கைதட்டவும் இல்லை, கையில் பை.

வாசல் மண்டபத்தில் அவள் கருவிப் பெட்டியோடு வந்தாள். முகம் சிவந்து, உதட்டைச் சுற்றி வட்டமாக ஒரு தடம். பூவை வாங்கிக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா எங்கை? கண்டவரோ?"

"கண்டவர்," என்றேன். "கார்ப் பிரச்சினை. போட்டார்."

"என்ன சொன்னவர்?"

"ரோல்ஸ் தந்தவர்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரம் நாங்கள் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற முன்னரே குடும்ப வட்ஸ்அப் குழுவில் காணொளி வந்துவிட்டது. "எங்கள் பெறாமகளின் புல்லாங்குழல் இசை, மொன்றியல் பல்கலைக்கழக மேடையில்" என்று அண்ணை தலைப்பும் போட்டிருந்தார். வாழ்த்துகள் வரத் தொடங்கின. "கண்ணனே வந்து வாசிச்ச மாதிரி." "நெஞ்சை உருக்கிப் போட்டுது." "ஆருக்கும் வராத ஞானம்." நாற்பத்தொரு பேர். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை, உருக்கும் இடம் வரும்போது புல்லாங்குழல் அந்தப் பிள்ளையின் வாயில் இல்லை, மடியில் கிடக்கிறது என்று. காதால் கேட்கவும் இல்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. ஆனால் நெஞ்சு உருகிவிட்டது.

மகள் தன் தொலைபேசியில் அதை முழுவதும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, இது நான் இல்லை."

"ஓம்."

"இவள் தாதியியல் படிக்கிறவள். கொலம்பியாக்காரி. இவளின்டை படத்தைக் கேக்காமல் உலகம் முழுக்க அனுப்பியிருக்கினம். நான் புதன்கிழமை இவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?" பிறகு குரல் இறங்கியது. "நீங்கள் பெரியப்பாவுக்குச் சொல்லேல்லை, என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள் போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்திருக்கலாம்.

எனக்கு வந்த கோபம் சொல்லும் தரமல்ல. யார் இந்தப் புல்லாங்குழல் கதையை அண்ணையின் தலையில் ஏற்றியது என்று மனைவியைக் கேட்டேன். உன்னுடைய வேலைதானே, அண்ணியோடு மணிக்கணக்கில் கதைக்கிறவள் நீதானே என்றும் கேட்டேன். அவள் ரோல்ஸை அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"உங்கட கொப்பியள் அலுமாரிக்குள்ளை அடுக்கி வைச்சிருக்கிறியள்தானே. பிள்ளை எட்டாம் வகுப்பிலை படிச்ச வருசத்தை எடுத்துப் பாருங்கோ."

எடுத்தேன். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளைத் தேடி எடுக்க எனக்கு நேரம் செல்லாது. என் கையெழுத்தில், நீல மையில் இருந்தது: "அண்ணை வந்தார். பிள்ளையின் அறைக் கதவு பூட்டியிருந்தது. என்ன சத்தம் என்றார், ஊதுகிறதோ என்றார். புல்லாங்குழல் என்றேன். அப்ப சரி என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்."

புல்லாங்குழலும் வாயால் ஊதுவதுதான். ஆனால் அதைச் சாமி வைத்திருக்கிறார். ஆகவே அதற்கு எச்சில் இல்லை, சாதி இல்லை. அதைத் தெரிந்துதான் நான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். பந்தலோரத்தில் இலை போட்டபோது ஒன்றும் சொல்லாமல் நின்றவன், தன் மகளுக்கும் வெளியில் ஓர் இலை போட்டுவிட்டு, அதைக் கொப்பியில் ஒழுங்காகப் பதிந்தும் வைத்திருக்கிறான்.

நான் வேலை செய்வது மருந்துத் தொழிற்சாலை ஒன்றில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கே பதிவேட்டில் பிழை விட்டால் அழிக்கவோ கிறுக்கவோ கூடாது. பிழையான சொல் வாசிக்கத் தெரியும்படி அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் திகதியும் இட்டு, காரணத்தையும் எழுத வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுப்பவன் நான். அன்று "புல்லாங்குழல்" என்பதன்மேல் கோடு இழுத்தேன். "ட்ரொம்போன்" என்று எழுதினேன். கையெழுத்து, திகதி. காரணம் என்பதற்கு எதிரே "பயம்" என்று எழுதினேன். வேறு சொல் தேடினேன், பொருந்தவில்லை.

பிறகு குழுவில் எழுதினேன். எழுதியதை இங்கே அப்படியே பதிகிறேன்.

"அண்ணை போட்ட காணொளியில் தெரியும் பிள்ளை எங்கள் மகள் அல்ல. அவள் வேறொரு மாணவி. எங்கள் மகள் வாசிப்பது ட்ரொம்போன். மூன்றாவது நிமிடத்திலிருந்து தனியாகக் கேட்கும் சத்தம் அவளுடையது. அந்த நேரம் புல்லாங்குழல் மடியில் இருப்பதைக் காணலாம். புல்லாங்குழல் என்று அண்ணையிடம் முதலில் பொய் சொன்னவன் நான். காணொளியைத் தயவுசெய்து எடுத்துவிடவும்."

ஒரு மணித்தியாலம் கழித்து, லண்டனில் இருக்கும் மாமி ஒருவர் மட்டும் எழுதினார்: "எது எண்டாலும் பரவாயில்லை. இனியாவது புல்லாங்குழல் பழக்குங்கோ."

அண்ணை அடுத்த நாள் பின்னேரம்தான் தொலைபேசி எடுத்தார்.

"என்னடா உது? எல்லாருக்கும் முன்னாலை என்னை விசரனாக்கிப் போட்டாய்."

"பொய் சொன்னது நான் எண்டுதானே அண்ணை எழுதினனான்."

"எனக்குத் தனியா எடுத்துச் சொல்லியிருக்கலாமெல்லோ. குறூப்பிலை போடவேணுமோ?"

"நீங்கள் குறூப்பிலைதானே போட்டனீங்கள்."

அண்ணை கதையை மாற்றினார்: "அதுசரி, உவளுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ? சங்கீதம் படிக்கிற பிள்ளையுமில்லை. இஞ்சினியருக்கு ஏன் உந்த ஊதுற வேலை? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"ட்ரொம்போன் எண்டு சொல்லுங்கோ."

"ஊதிப்போட்டு எச்சிலை நிலத்திலை ஊத்துறவையாம். உன்ரை அண்ணி யூரியூப்பிலை பார்த்தவவாம்."

"ஓம் அண்ணை, ஊத்துறவள். கீழை துணி விரிச்சிட்டு ஊத்துறவள். அந்தத் துணியைத் தோய்க்கிறது நான்."

என் குரல் உயர்ந்திருந்தது. அண்ணையோடு அப்படிக் கதைத்தது என் ஐம்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்த நேரம் தோய்க்கும் அறைக்குள் மகள் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். நான் நடந்து போய் அந்தக் கதவைத் திறந்து, தொலைபேசியை உள்ளே நீட்டிப் பிடித்தேன். ஏறக்குறைய ஒரு நிமிடம். திரும்பக் காதில் வைத்தேன்.

"அண்ணை?"

"உதே அண்டைக்குப் பின்னாலை கேட்டது?"

"ஓம்."

"நான் என்னமோ சொன்னனான், என்ன?"

"சொன்னனீங்கள். மூடிப் போடுறான் எண்டு சொன்னனீங்கள்."

"பேந்து எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார். பேந்து என்றால் பிறகு, ஆனால் எப்போது என்று தெரியாது. இதை எழுதும்போது ஐந்து நாள் ஆகிறது. காணொளி மட்டும் அன்றே குழுவிலிருந்து போய்விட்டது. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற ஒரு வரி அந்த இடத்தில் இருக்கிறது. நாற்பத்தொரு வாழ்த்துகளும் அதற்குக் கீழே அப்படியே இருக்கின்றன.

அன்று நான் தொலைபேசியை வைத்ததும் மகள் ட்ரொம்போனோடு வெளியே வந்தாள்.

"ஆரோடை அப்பா? ஸ்கேல் வாசிக்கேக்கையோ ஆக்களுக்குப் போனைப் பிடிக்கிறது? நல்லதா ஒண்டு வாசிக்கேக்கை பிடிச்சிருக்கலாமே."

"பெரியப்பா."

"என்னவாம்?"

"பேந்து எடுப்பாராம்." பிறகு சொன்னேன், "அண்டைக்கு அவர் உன்னைக் காணேல்லை. கண்டவர் எண்டு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"மேடையிலை இருந்தா எல்லாம் தெரியும் அப்பா. நான் எழும்பேக்கை பெரியப்பா எழும்பினதும் தெரிஞ்சது. ரோல்ஸ் பையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நீங்கள் அங்காலையும் இஞ்சாலையும் சாய்ஞ்சு சாய்ஞ்சு பார்த்ததும் தெரிஞ்சது. எனக்குச் சிரிப்பு வந்து, அடுத்த பாட்டிலை முதல் சுரத்தைப் பிழையா வாசிச்சனான்."

அந்தப் பிழையை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றேன். நடத்துநர் கவனித்தவர் என்றாள். அறைக்குள் திரும்பிப் போய், கதவைச் சாத்தாமல், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். குழாயின் வாயை அவள் அடைக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் தட்டினால் பதில் சொல்ல நான் வாசலில் நாற்காலி போட்டு இருந்தேன். ஒருவரும் தட்டவில்லை.